செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா? அறிகுறியைப் பிடித்துப் பிழையைத் தேடுவோம்

மஞ்சள் நிறத்தில் இன்ஜின் படம் போட்ட விளக்கு டேஷ்போர்டில் வந்தால், அது நிலையாக எரிகிறதா, விட்டு விட்டு மின்னுகிறதா என்று முதலில் பாருங்கள். மின்னினால் மீதியை அப்புறம் படிக்கலாம். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிடுங்கள். நிலையாக எரிந்து, வண்டியும் வழக்கம்போல ஓடினால் பதற்றம் வேண்டாம். வேலூர் சத்துவாச்சாரியில் விளக்கு வந்தது என்றால் காட்பாடி வீடு வரை தாராளமாக ஓட்டிப் போகலாம். அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

சிவப்பு விளக்குகளின் கணக்கு வேறு. ஆயில் கேன் படமோ, தெர்மாமீட்டர் படமோ சிவப்பாக எரிந்தால், பாதுகாப்பாக ஒதுங்க இடம் கிடைத்த உடனே நிறுத்த வேண்டும். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடினால் இன்ஜின் பேரிங் சில நிமிடங்களிலேயே தேய்ந்து போகும். "அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்" என்ற எண்ணமே வரக்கூடாது.

விளக்கு வந்ததும் ஒர்க்‌ஷாப்பில் நடப்பது என்ன? ஸ்கேனர் போடுவார்கள், "ஆக்ஸிஜன் சென்சார் எர்ரர் காட்டுது சார்" என்பார்கள், சென்சார் மாறும், பில் வரும். கொஞ்ச நாளில் விளக்கு மறுபடி எரியும். புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் அந்தச் சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. சைலென்சர் குழாயில் இருந்த கசிவை யாரும் பார்க்கவில்லை. எர்ரர் எண் சொல்வது, எந்த இடத்தில் அளவு தப்புகிறது என்பதை மட்டுமே. எந்தப் பாகம் கெட்டது என்பதை அந்த எண்ணோடு வண்டியின் அறிகுறியையும் சேர்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அழிப்பதற்கு முன் படம் எடுங்கள்

2013க்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம், 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் செருகும் சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் ஆயிரம் ரூபாய் அளவிலேயே கிடைக்கிறது. போனில் ஒரு ஆப் போட்டால் எண் தெரிந்துவிடும். சொந்தமாகக் கார் வைத்திருக்கும் எவருக்கும் இது வீண்செலவு இல்லை.

எண் பி (P) என்ற எழுத்தில் தொடங்கினால் இன்ஜின், கியர் சம்பந்தப்பட்டது. அடுத்து 0 வந்தால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண், 1 வந்தால் பெரும்பாலும் அந்தக் கம்பெனிக்கே உரியது. அதற்கடுத்த இலக்கம்தான் இடத்தைக் காட்டும்: 1, 2 என்றால் காற்றும் எரிபொருளும், 3 என்றால் இக்னிஷன், 4 என்றால் புகைக் கட்டுப்பாடு, 7 என்றால் கியர்பாக்ஸ். யு (U) என்ற எழுத்தில் தொடங்கினால் வண்டிக்குள் இருக்கும் கணினிகள் ஒன்றோடொன்று பேச முடியவில்லை என்று அர்த்தம். அப்போது பாட்டரியையும் வயரிங்கையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எண்ணைவிட முக்கியமானது ஃப்ரீஸ் ஃப்ரேம். பிழை பதிவான அந்த நேரத்தில் வேகம் எவ்வளவு, ஆர்பிஎம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு என்று வண்டி எழுதி வைத்திருக்கும் குறிப்பு அது. எர்ரரை அழித்தால் இதுவும் சேர்ந்து போய்விடும். பாட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினாலும் பல வண்டிகளில் இதே கதிதான். அதனால் மெக்கானிக்கிடம் போனதும், "அண்ணா, அழிக்கிறதுக்கு முன்னாடி எண்ணையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

விளக்கு மட்டும் எரிகிறது, வண்டியில் வித்தியாசமே இல்லை

இணையத்தில் தேடினால் முதல் யோசனையாக "பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்குங்கள்" என்று வரும். அது அமெரிக்கக் கார்களுக்குப் பொருத்தமான யோசனை. அங்கே டேங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று வண்டியே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. நம் பாரத் ஸ்டேஜ் (பிஎஸ்) புகைக் கட்டுப்பாட்டு விதிகள் ஐரோப்பிய முறையைப் பின்பற்றியவை. இங்குள்ள பல கார்களில் அந்தச் சோதனை கிடையாது. மூடியை இறுக்கிப் பாருங்கள், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

பி0420 வந்தால், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் பூசியிருப்பதால் விலை அதிகம். அதை மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். மேனிஃபோல்டிலோ குழாயிலோ கசிவு இருக்கிறதா, கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் சரியாக இருக்கிறதா, இன்ஜின் எங்காவது மிஸ்ஸிங் அடிக்கிறதா (ஏதாவது சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போகிறதா), ஆயில் குடிக்கிறதா என்பதையெல்லாம் பார்த்த பிறகுதான் கன்வெர்ட்டர் பேச்சு. மிஸ்ஸிங்கைச் சரிசெய்யாமல் புதுக் கன்வெர்ட்டர் மாட்டினால் அதுவும் கெடும். உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டு வெறும் டப்பாவை மாட்டித் தருகிறேன் என்று சொல்பவர்களும் உண்டு. அது சட்டப்படி தவறு, ஊர்க்காற்றுக்கும் கேடு, விளக்கும் அணையாது.

பி0128 என்றால் இன்ஜின் போதுமான சூட்டுக்கு வரத் தாமதமாகிறது. பெரும்பாலும் கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். சிலர் வேலூர் வெயிலுக்கு வேண்டாம் என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிடுவார்கள். அப்படிச் செய்தால் இன்ஜின் குளிர்ச்சியாகவே இருக்கிறது என்று நினைத்து கணினி பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் குறையும், ஆயிலும் கெடும்.

பிழை தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் வரவில்லை என்றால் விளக்கு பொதுவாகத் தானே அணைந்துவிடும். அணைந்தாலும் எண் கொஞ்ச காலம் நினைவில் இருக்கும், அதற்குள் படித்துவிடுங்கள்.

வண்டி உதறுகிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது, விளக்கு மின்னுகிறது

இது அவசரம். ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியேறி, சூடான கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். ஐந்நூறு ரூபாய் ஸ்பார்க் பிளக்கில் முடிய வேண்டிய செலவு பல ஆயிரங்களில் போய் நிற்பது இப்படித்தான். டோ வண்டிக்குக் கொடுக்கும் காசு அதற்கு முன் ஒன்றுமில்லை.

பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று சொல்ல முடியாதபடி மாறி மாறி வருகிறது. பி0301 முதல் பி0304 வரை என்றால் கடைசி இலக்கம் சிலிண்டர் எண். ஒரே சிலிண்டர் என்றால் காசே செலவழிக்காமல் ஒரு சோதனை செய்யலாம். பி0301 வந்ததாக வைத்துக்கொள்வோம். இன்ஜின் ஆறிய பிறகு, ஒன்றாம் சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலை எடுத்து மூன்றாம் சிலிண்டரில் மாட்டி, அங்கே இருந்ததை இங்கே மாட்டுங்கள். எர்ரரை அழித்து ஓட்டுங்கள். எண் பி0303 என்று மாறினால் காயில் கெட்டது. பி0301 ஆகவே நின்றால் காயில் நல்லது. அடுத்து பிளக்கை இதே போல இடம் மாற்றிப் பாருங்கள், அதற்கும் அடுத்து இன்ஜெக்டர். மூன்றுமே நன்றாக இருந்தால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். வால்வு சம்பந்தப்பட்ட வேலையாக இருக்கலாம்.

சில வேலைகளில் எச்சரிக்கை தேவை. இன்ஜின் ஓடும்போது காயில் வயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டாம். அதில் ஓடும் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட். அலுமினிய ஹெட்டில் பிளக்கைச் சூடாக இருக்கும்போது கழற்றினால் மரை போய்விடும். இன்னொன்று: சின்னக் கார்கள் பலவற்றில் மூன்று சிலிண்டர் இன்ஜின்தான். நிற்கும்போது லேசான அதிர்வு அவற்றின் இயல்பு. நேற்றுவரை இல்லாத உதறல்தான் அறிகுறி.

சிஎன்ஜி வண்டியாக இருந்தால் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். பெட்ரோலில் நன்றாக ஓடி சிஎன்ஜியில் மட்டும் மிஸ்ஸிங் அடித்தால், தேய்ந்த பிளக், கேஸ் ஃபில்டர், ரெகுலேட்டர் என்ற வரிசையில் பாருங்கள். சிஎன்ஜியைப் பற்றவைக்க வலுவான பொறி வேண்டும். பெட்ரோலில் சமாளித்துவிடும் பழைய பிளக் அங்கே தோற்றுப்போகும்.

பிக்கப் இல்லை, ஐடிலிங் ஏறி இறங்குகிறது, மைலேஜ் குறைந்திருக்கிறது

இந்த மூன்றோடு பி0171 வந்தால் இன்ஜினுக்குள் காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு. இரண்டில் எது என்று ஸ்கேனரே காட்டிக்கொடுக்கும். ஆப்பில் நேரடி அளவுகளுக்குப் போய் ஃப்யூவல் ட்ரிம் என்ற இரண்டு எண்களைப் பாருங்கள், கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதை அவை காட்டும்; ஒன்று குறுகிய காலத்துக்கு, இன்னொன்று நீண்ட காலத்துக்கு. இரண்டையும் கூட்டினால் மைனஸ் பத்து முதல் பிளஸ் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல வண்டி. பிளஸ் இருபதைத் தாண்டினால் கணினி பெட்ரோலை வழக்கத்தைவிட அதிகமாக ஊற்றிச் சமாளித்துக்கொண்டிருக்கிறது.

இப்போது வண்டியை நிறுத்தி ஐடிலிங்கில் பார்த்து, அப்புறம் 2500 ஆர்பிஎம்மில் பிடித்துப் பாருங்கள். ஐடிலிங்கில் அதிகமாக இருந்து, ரேஸ் கொடுத்ததும் இறங்கினால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது: வெடித்த வேக்குவம் குழாய், இன்டேக் ரப்பர், கேஸ்கட். நம் வெயிலில் ரப்பர் குழாய்கள் காய்ந்து விரிசல் விடுவது வாடிக்கை. விரலால் மடக்கிப் பார்த்தாலே கோடு தெரியும். ஐடிலிங்கில் சரியாக இருந்து, வேகம் எடுக்கும்போது ஏறினால் பெட்ரோல் போதவில்லை: ஃபில்டர், பம்ப், அல்லது அழுக்கேறிய காற்று அளவு சென்சார். இந்த ஒரு சோதனை தேவையில்லாமல் மாறும் பல பாகங்களைக் காப்பாற்றும் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஏர் ஃபில்டரை மறக்காதீர்கள். மணல் லாரி, ஜல்லி லாரி பின்னாலேயே தினமும் போகிறவர்களும், வேலை நடக்கும் சாலையில் போகிறவர்களும் கையேட்டில் உள்ள கிலோமீட்டர் வரை காத்திருக்கக் கூடாது.

ஏலகிரி மாதிரி ஏற்றத்தில், 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், வண்டி திடீரென்று இழுக்காமல் போய் விளக்கும் வந்து, எவ்வளவு மிதித்தாலும் குறிப்பிட்ட ஆர்பிஎம்முக்கு மேல் ஏறவில்லை என்றால் அது லிம்ப் மோடு. இன்ஜின் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. டர்போ வண்டி என்றால் பி0299 வந்திருக்கிறதா பாருங்கள். டர்போவிலிருந்து வரும் தடித்த குழாயின் கிளாம்ப் நழுவியிருக்கும், அல்லது குழாய் கிழிந்திருக்கும். டர்போவே போச்சு என்று யாராவது சொன்னால், "குழாயைக் கழற்றிப் பாத்தீங்களா?" என்று கேளுங்கள்.

டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

அக்னி நட்சத்திரத்தில், மாலை நேரத்து காட்பாடி மேம்பால நெரிசலில், ஏசியோடு ஊர்ந்து போகும்போது முள் ஏறி, பைபாஸில் வேகம் எடுத்ததும் இறங்குகிறதா? ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை. ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் என்று பாருங்கள். மாறாக, நெரிசலில் சும்மா இருந்து, நெடுஞ்சாலை வேகத்திலும் ஏற்றத்திலும் ஏறினால் ஃபேன் குற்றமில்லை. கூலன்ட் குறைந்திருக்கும், ரேடியேட்டர் அடைத்திருக்கும், அல்லது தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப்.

ஏறத் தொடங்கியதும் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாக வையுங்கள். மே மாதத்தில் கொடுமைதான், ஆனால் இன்ஜின் சூட்டில் ஒரு பகுதியை அது வெளியே இழுக்கும். அப்படியே ஓரம் கட்டுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடுங்கள்.

போர் தண்ணீரை ஊற்றிச் சமாளிக்கும் பழக்கம் நம் பக்கத்தில் அதிகம். பாலாற்றுப் படுகையில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு என்பது இங்கே குடம் தூக்கிய எல்லோருக்கும் தெரியும். அந்த உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். கம்பெனி சொன்ன கூலன்ட், இல்லையென்றால் டிஸ்டில்டு வாட்டர். வழியில் எதுவும் கிடைக்காமல் குடிநீர் பாட்டிலை ஊற்றியிருந்தால், ஊருக்கு வந்ததும் சிஸ்டத்தைக் கழுவிக் கூலன்ட் மாற்றிவிடுங்கள்.

சூடானால் அணைகிறது, ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது

காலையில் ஒரே கீயில் ஸ்டார்ட் ஆகும். மதியம் ஓடிக்கொண்டே இருக்கும்போது அணையும், அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். பி0335 பதிவாகியிருந்தால் இன்ஜின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சார் மேல்தான் முதல் சந்தேகம். சூட்டில் உள்ளே இருக்கும் சுருள் விட்டுப்போகிறது. மாற்றுவதற்கு முன் கனெக்டரையும் வயரையும் பாருங்கள். நெடுஞ்சாலையில் நடு லேனில் அணைந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மழைக்குப் பிறகு, அல்லது வாட்டர் சர்வீஸுக்குப் பிறகு

பானட்டைத் திறந்து அதிக அழுத்தத்தில் தண்ணீர் அடித்தால், காயில் இருக்கும் குழியிலும் கனெக்டர்களிலும் தண்ணீர் தங்கும். காற்று அடித்துக் காயவைத்து, கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே போட்டால் பெரும்பாலும் தீரும். தேங்கிய தண்ணீருக்குள் வண்டி அணைந்துபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளையும். தள்ளி வெளியே கொண்டுவாருங்கள்.

நிறுத்தி வைத்த வண்டியை எடுத்ததும் ஒரே நேரத்தில் பல எர்ரர்

காட்பாடி ஸ்டேஷன் பக்கம் காரை விட்டுவிட்டுச் சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏறுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். திரும்பி வந்தால் சம்பந்தமே இல்லாத நாலைந்து எண்கள். நாலு சென்சார் ஒரே நாளில் கெடாது. ஒன்று, பாட்டரி இறங்கியிருக்கும், இல்லையென்றால் எலி.

பாட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது 12.4 வோல்ட்டுக்கு மேல், ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வரை இருக்க வேண்டும். அது சரியென்றால் டார்ச்சோடு பானட்டுக்குள் குனியுங்கள். எலிப்புழுக்கை, இன்ஜின் மேல் இழுத்து வைத்த குப்பை, கடித்த வயர் உறை இவையெல்லாம் தேடினால் தெரியும். அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றுவது சில மாதம் தாங்கும், அடுத்த மழையில் துரு பிடித்து விளக்கு மறுபடி வரும். ஈயத்தால் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடச் சொல்லுங்கள். எலி வராமல் இருக்க ஸ்ப்ரேக்கள் உண்டு. அவற்றைவிட அரிசி மூட்டை, குப்பைத்தொட்டி இவற்றிலிருந்து தள்ளி நிறுத்துவதும், உள்ளே தின்பண்டம் வைக்காததும் நன்றாக வேலை செய்யும்.

பங்கில் போட்ட சில கிலோமீட்டரிலேயே

பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம். பில்லை வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் பேப்பர் சோதனையும் அடர்த்திச் சோதனையும் செய்து காட்டச் சொல்லிக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. பெட்ரோல் வண்டிக்கு டீசல் போட்டுவிட்டார்கள் என்று அங்கேயே தெரிந்தால் கீயைத் திருப்பாமல் தள்ளி ஓரம் கட்டி டேங்கைக் காலி செய்யுங்கள்.

இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, தண்ணீரை ஈர்க்கும் குணமும் உண்டு. அதற்கென்று வடிவமைக்காத பழைய வண்டியில் மைலேஜ் சற்று இறங்கும், ஃப்யூவல் ட்ரிம் கொஞ்சம் பிளஸ் பக்கம் போகும். ஏற்கெனவே விளிம்பில் இருந்த வண்டி பி0171 காட்ட அது போதும். மாதக்கணக்கில் ஓட்டாத வண்டியில் அந்தப் பெட்ரோலைப் பாதி டேங்கில் விட்டு வைக்காதீர்கள்.

டீசல் வண்டி: கரி ஃபில்டரும் ஆட்ப்ளூவும்

2020 ஏப்ரல் 1 முதல் விற்ற பிஎஸ்6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் உண்டு. பிடித்த கரியை எரித்துத் தள்ள அதற்கு நீண்ட ஓட்டம் வேண்டும். பாகாயத்திலிருந்து சிஎம்சி, அங்கிருந்து மார்க்கெட், திரும்ப வீடு என்று மட்டுமே ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. டிபிஎஃப் விளக்கு மட்டும் வந்தால், டேங்கில் போதுமான டீசலோடு பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறி, 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல், ஆர்பிஎம் 2000க்கு மேல் இருக்கும் கியரில், இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். பள்ளிகொண்டா வரை போய்த் திரும்பினால் பெரும்பாலும் அணைந்துவிடும். முடித்த கையோடு காய்ந்த புல்மேல் நிறுத்தாதீர்கள். சைலென்சர் கடுமையாகச் சூடேறியிருக்கும். டிபிஎஃப் விளக்கோடு செக் இன்ஜினும் சேர்ந்து, பி2463 வந்துவிட்டால் ஓட்டித் தீர்க்கும் கட்டம் தாண்டிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மூலம் எரிக்க வேண்டும். வருடத்தில் பெரும்பாலான நாள் ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள் அடுத்த வண்டியைப் பெட்ரோலில் எடுப்பது நல்லது என்பது என் கருத்து.

புகையைச் சுத்தமாக்க ஆட்ப்ளூ என்ற யூரியா திரவம் ஊற்றும் வண்டியில் அது தீரும் எச்சரிக்கையை அலட்சியம் செய்யாதீர்கள். முழுதும் தீர்ந்தால், அணைத்த பிறகு இன்ஜின் மறுபடி ஸ்டார்ட் ஆகாதபடி அமைத்திருப்பார்கள். நீலமூடி வழியாக மட்டும் ஊற்றுங்கள். டீசல் டேங்கில் ஊற்றினால் பெரும் செலவு.

பழைய கார் வாங்கும்போது விளக்கே வரவில்லை என்றால்

இதுவும் ஒரு அறிகுறிதான். கீயைப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல் வைத்தால் செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும்; ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். கீ போட்டதும் எரியவே இல்லை என்றால் விளக்கைக் கழற்றியிருக்கலாம், அல்லது வயரை வெட்டியிருக்கலாம். அடுத்து ஸ்கேனரில், வண்டி தன்னைத் தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினஸ் மானிட்டர் பக்கத்தைத் திறங்கள். எல்லாச் சோதனைகளும் "முடியவில்லை" என்று காட்டினால் சமீபத்தில் யாரோ எர்ரரை அழித்திருக்கிறார்கள், அல்லது பாட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். விற்பவரிடம் சண்டை வேண்டாம். "சார், ரெண்டு நாள் நீங்க வழக்கம்போல ஓட்டுங்க, நான் மறுபடி வந்து ஸ்கேன் பண்ணிட்டு அட்வான்ஸ் தர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.